நாட்டு நாய், நிறம் செவலை

பட்டிப் பொங்கலன்று காலையில் வசந்தாமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குச்சிக்கிழங்குக் காட்டின் மேல் பனி இன்னும் கலையவே இல்லை. அதற்குள் வாசலில் நான்கு மோட்டார் சைக்கிள், ஒரு கார், ஒரு டெம்போ. ஆட்டையாம்பட்டி நாத்தனார் கைமுறுக்குப் பொட்டலத்தோடு வந்து இறங்கினாள். ஜலகண்டாபுரத்தில் தறி ஓட்டும் அண்ணன், குடும்பத்தை மொத்தமாக அள்ளிப்போட்டுக்கொண்டு வந்திருந்தார். வந்தவர்களில் ஒருவராவது பொங்கல் நோம்பி எப்படி என்று கேட்க வேண்டுமே! செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்.

"ஏம்மிணி, அது எங்க?"

அது டிராக்டர் டிரெய்லருக்கு அடியில், ஆகக் கடைசியில், சக்கரத்தோடு சக்கரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் இரண்டு மஞ்சள் கண்கள் மட்டும் தெரியும். ஆளுக்கொரு செல்போனை நீட்டிக்கொண்டு ஒரு கூட்டமே தரையில் மண்டி போட்டிருந்தது.

"பாத்தா நம்மூருச் செவலை நாயாட்டந்தான் இருக்குது."

"கண்ணப் பாருங்க மச்சான். நாய்க்கு இந்தக் கண்ணு வருமா?"

"நாயா இல்லையான்னு இப்பத் தெரிஞ்சுரும். அக்கா, ஒருக்காக் கொலைக்கச் சொல்லுங்க."

"அது கொலைக்காதுங்க" என்றாள் வசந்தாமணி. சொல்லும்போது பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. பட்டிக்குக் காவல் என்று வளர்த்த பிராணி, ஆளைக் கண்டால் குரைக்காமல் ஓடி ஒளிந்துகொள்கிறது என்பதை எந்த முகத்தோடு சொல்வது? ஆனாலும் நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் நடுவில் இப்படி ஒன்று வேறு யார் வீட்டில் இருக்கிறது? அந்த நினைப்பே அவளுக்குத் தலையைச் சிலுப்பிக்கொண்டு நடக்கப் போதுமானதாக இருந்தது.

அது வந்த கதையை அவள் புருஷன் செங்கோட்டையன் அன்றைக்கு ஏழாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் டிரில்லர். வருஷத்தில் பத்து மாதம் வடக்கேயே கிடந்து அடுத்தவன் காட்டில் துளை போட்டுத் தண்ணீர் வரவழைப்பவன். பொங்கலுக்கும் ஆடிக்கும்தான் வீட்டு முகம் பார்ப்பான். போன பங்குனியில் சோலாப்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு மேட்டுக்காட்டில் போர் போட்டார்கள். கம்ப்ரசர் போட்ட சத்தத்தில் கரட்டுப் பக்கமிருந்து ஏதோ ஒன்று பாய்ந்து ஓடியதைச் சமையல்காரர் பார்த்தார். இரண்டு நாள் கழித்து வண்டியைக் கிளப்பும்போது, கல்மாவு மூடிய ஒரு பொந்தின் வாயில் ஒரே ஒரு குட்டி கத்திக்கொண்டிருந்தது. தாய் செத்த நாய்க்குட்டி என்று எடுத்துவந்து, கிரீஸ் அடைக்கும் குழாயைக் கழுவி அதில் பால்பவுடர் கரைத்து ஊட்டினார்கள். ரிக்கில் பாறையைக் குடையும் முனைக்குப் பிட்டு என்று பெயர். கிடைத்ததையெல்லாம் பல்லால் குடைந்ததால் குட்டிக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். அந்த வாரமே பழுதுக்காக வண்டி ஊருக்கு வந்தபோது அவனும் கூட வந்து, குட்டியை வசந்தாமணியிடம் விட்டுப் போனான்.

"சாமி சத்தியமா நாய்னுதான் தூக்கிட்டு வந்தனுங்க" என்று முடித்தான் செங்கோட்டையன்.

"இப்ப என்னன்னு நெனைக்கற மாப்பிள்ளை?" என்று கேட்டார் தறிக்கார அண்ணன்.

"இப்பவும் நாய்தானுங்க" என்று அவசரமாகச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

அவனைச் சிரிக்க விடாமல் செய்தது அவன் மகள் சத்யபிரியா. கால்நடை மருத்துவம் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ஆடி விடுமுறைக்கு வந்தவள் குட்டியின் காலைப் பார்த்தாள், தாடையைப் பார்த்தாள், வாலைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, இது நாயில்லை. ஓநாய்."

"ஓநாயாவது ஒண்ணாவது. உங்கம்மா மடியில படுத்துத் தூங்குது பாரு."

"மடியில படுத்தா நாயாயிருமா? புலிக்கு என்ன சட்டமோ இதுக்கும் அதே சட்டம். ஊட்டுல வெச்சிருந்தா ஜெயிலு."

அன்றையிலிருந்து தாய்க்கும் மகளுக்கும் போனில் இதே பேச்சு. வாரத்துக்கு மூன்று தடவை.

"வளத்தா எல்லாம் நாய்தான் கண்ணு" என்பாள் வசந்தாமணி. "மொதமொதல்ல நாயும் காட்டுல இருந்துதான வந்துது? நீதான சொன்ன?"

"வந்துதும்மா. பத்தாயிரம் வருசம் தலைமுறை தலைமுறையா வளத்தீன்னா ஆகும். பத்து மாசத்துல ஆகாது."

"என்னையத் தவிர ஆருகிட்டயும் சோறு திங்கறதில்ல. அத்தனை பாசம்."

"பாசமில்லம்மா, பயம். உன்னைய உட்டா மத்தது அத்தனைக்கும் அதுக்குப் பயம். அப்படி ஒரு பொழப்பு அதுக்கு எதுக்கு?"

"பெரிய பண்டிதச்சி! போய்ப் படி போ" என்று போனை வைத்துவிடுவாள். வைத்த பிறகு டிரெய்லர் பக்கம் பார்ப்பாள்.

அக்கம்பக்கத்தில் பேச்சு வரக்கூடாது என்று அவள் ஒரு காரியமும் செய்திருந்தாள். வெறிநாய் ஊசி முகாமுக்கு அதை மினி ஆட்டோவில் போர்வை போட்டு மூடிக் கொண்டுபோய் ஊசி போட்டுவந்தாள். அட்டை எழுதியவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. என்ன நாய் என்று கேட்டார், நாட்டு நாய் என்றாள். நிறம் என்றார், செவலை என்றாள். அந்த அட்டை பிளாஸ்டிக் உறைக்குள் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டிக்கிடந்தது. பிட்டு நாய்தான் என்பதற்குக் கவர்மெண்டு அத்தாட்சி.

வளர்ப்பு என்று பார்த்தால் தொல்லைதான். சொட்டுநீர்க் குழாயை முழம் முழமாகக் கடித்துப் போட்டது. எட்டு ஜோடிச் செருப்பு போனது. கட்டிப்போட்டால் சங்கிலி எட்டும் வரைக்கும் தரை வட்டமாகத் தேயும் அளவுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆனால் சாயங்காலம் ஆடு ஓட்டிவரும்போது வேறு மாதிரி. வசந்தாமணியிடம் இருந்தவை முப்பத்தாறு மேச்சேரிச் செம்மறிகள். அவற்றின் நிறமும் பிட்டுவின் நிறமும் ஒன்று. மந்தைக்கு நடுவில் அது நடந்தால் எது ஆடு, எது பிட்டு என்று சட்டென்று தெரியாது. குட்டியிலிருந்து பார்த்து வளர்ந்ததால் ஆடுகளும் ஒதுங்கவில்லை. இரண்டு காடு தள்ளி நின்று "பிட்டே" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், சோளத்தட்டைக்கு மேலாக அது வருகிற வேகத்தைப் பார்த்து அவளுக்கு மயிர்க்கூச்செறியும். பத்து மாதம் புருஷன் இல்லாத வீட்டில், தன் ஒரு குரலுக்காக இத்தனை வேகமாக ஓடிவர ஓர் உயிர் இருக்கிறதே என்று சந்தோஷமாக இருக்கும். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

பொழுது கிளம்பிவிட்டது. பட்டிக்கு முன்னால் சாணியால் கரை கட்டி, சின்னத் தெப்பக்குளம் செய்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். படலில் செருகிய காப்புக்கட்டு, பூளைப்பூவும் ஆவாரம்பூவும், வாடாமல் இருந்தது. மூன்று கல் கூட்டிப் பானை ஏற்றியாகிவிட்டது. குளத்தைக் கன்றுக்குட்டி மிதித்துத் தாண்டியதும் தட்டத்தைத் தட்டிக்கொண்டு "பட்டி பெருகோணும், பால்பானை பொங்கோணும்" என்று எல்லோரும் கத்த வேண்டும். கன்றுக்குட்டிக்குப் பின்னால் பிட்டுவையும் குளம் மிதிக்க வைத்து வீடியோ எடுக்க வேண்டும் என்று செங்கோட்டையனுக்கு ஆசை. சின்னப் பிள்ளைகள் பொறுக்க மாட்டாமல் இப்போதே தட்டத்தைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் செல்லமுத்து வந்தார். அடுத்த தோட்டத்துக்காரர். தோளில் செத்த ஆடு ஒன்று, கையில் தடி. அதைக் கொண்டுவந்து தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் தொப்பென்று போட்டார். அவருக்குப் பின்னால் தடியோடு பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் பின்னால் அவர் பெண்சாதி பொன்னாயி.

தட்டச் சத்தம் நின்றுவிட்டது.

"நாலு" என்றார் செல்லமுத்து. "மூணு குட்டி. இது சினையாடு. விடியால பட்டிக்குள்ள பூந்து கொதறிப் போட்டிருக்குது. எங்க அம்மிணி உன்ற நாயி?"

"அண்ணா, எங்க நாய் ஊட்டுலதான இருந்துது…"

"இருந்துதா? சங்கிலியில இருந்துதா?"

வசந்தாமணி சங்கிலி இருந்த பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டாள். காரணம் இருந்தது. விடியற்காலையில் வாசல் தெளிக்க வந்தபோது சங்கிலி மட்டும் கிடந்தது, கழுத்துப்பட்டை அதிலேயே தொங்கியது. அவள் பதறிப்போய்க் கூப்பிடுவதற்குள் பிட்டு தானாகவே வரப்பில் ஏறி வந்தது. நான்கு காலும் முழங்கால் வரைக்கும் பனியில் நனைந்திருந்தன, புல்விதை ஒட்டியிருந்தது. பழைய துண்டால் துடைத்துவிட்டுப் பட்டையை ஒரு துளை இறுக்கி மாட்டினாள். புருஷனிடம்கூட அதைச் சொல்லவில்லை.

நனைந்த கால் என்றால் என்ன என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லிக்கொடுத்ததே வசந்தாமணிதான். போன தையில் அவளுடைய ஒன்பது குட்டிகளை நாய்கள் கடித்துக் கொன்றபோது, மாரியம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டி, ஆம்பிளைகளுக்கு மேல் குரலெடுத்துப் பேசினாள். ஆடு கடிச்ச நாய உட்டு வெக்கப்படாது, அவியவிய நாய அவியவியதான் முடிக்கோணும் என்றாள். எந்த நாயென்று எப்படித் தெரியும் என்று யாரோ கேட்டார்கள். விடியால கால் நனைஞ்சு வந்த நாய் எதுன்னு பாருங்க, நான் பாத்தேன், செல்லமுத்தண்ணன் ஊட்டு மணியன் நனைஞ்ச காலோட வந்துது என்றாள். செல்லமுத்து ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கயிற்றைக் கட்டிக் கல்லுக்குழிப் பக்கம் கூட்டிப்போனார், தனியாகத் திரும்பி வந்தார். அன்றையிலிருந்து பொன்னாயி இந்த வாசலை மிதித்ததில்லை.

பொங்கலுக்கு வந்திருந்த சத்யபிரியா குனிந்து செத்த ஆட்டைப் புரட்டிப் பார்த்தாள். பாவாடை நுனி சாணிக்குளத்தில் நனைந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"பெரியப்பா, கொஞ்சம் இதைய பாருங்க. தொடையில, வாலுக்கிட்ட, காதுல… எட்டெடத்துல கடி. ஒரு வாய்கூடத் திங்கலை. கூட்டமா வந்து வெளையாட்டுக்குக் கடிச்சிருக்குதுங்க. இது தெரு நாய்ங்க வேலை. ஓ…" அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"என்ன சாமி, பாதியில நிறுத்திப்போட்ட? நாய் கடிச்ச கடியா, இல்லையா?"

"நாய் கடிதானுங்க."

"கேட்டுக்குங்க" என்று செல்லமுத்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நாய்தான்னு படிச்ச புள்ளையே சொல்லிருச்சு. இவிய ஊட்டுச் சுவத்துல ஒரு அட்டை தொங்குதே, அதுல என்ன எழுதியிருக்குது? நாட்டு நாய், செவலை. அப்பறம் என்ன பேச்சு?" இடுப்பிலிருந்து ஒரு கயிற்றை உருவிச் செங்கோட்டையனிடம் நீட்டினார். "இந்தா தம்பி. ஊருக்கு ஒரு நாயம்னா எல்லாத்துக்கும் அதான் நாயம். நான் பண்ணலையா?"

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. டிரெய்லரைச் சுற்றித் தடிகள் நெருங்கின. இத்தனை நேரம் செல்போன் பிடித்திருந்த, விருந்துக்கு வந்த உறம்பரைப் பையன்களே தடி தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

செங்கோட்டையன் வசந்தாமணியின் கையைப் பிடித்து வைக்கோல் போருக்குப் பின்னால் இழுத்துப் போனான்.

"வாயத் தொறந்தராத அம்மிணி. ஓநாய்னு ஒத்த வார்த்தை வெளிய வந்தா என்னைய உள்ள தூக்கிப் போட்டுருவாங்க. வண்டி வேலை போச்சு, சத்யா படிப்பு போச்சு, எல்லாம் போச்சு."

"நாய்னா?"

"நாய்னா… ஒரு நாய் போச்சுன்னு…" கிரீஸ் குழாயில் பால் ஊட்டிய மனுஷன். மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

நாய் என்றால் பிட்டு போய்விடும். ஓநாய் என்றால் புருஷன் மாட்டிக்கொள்வான். மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வசந்தாமணி அவன் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பொங்கல் கிளற வைத்திருந்த அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகப் போய் டிரெய்லருக்கு முன்னால் நின்றாள்.

"அது நாயில்லைங்க."

"பொறவு? சிங்கமா?" என்று ஒருவன் கேட்டான். கொல்லென்று சிரிப்பு.

"ஓநாய்."

சிரிப்பு நின்றது. முன்னால் நின்றவர்கள் ஓர் அடி பின்னால் வைத்தார்கள்.

"ஆத்தா மேல சத்தியம். சோலாப்பூர்க் காட்டு ஓநாய். தெரிஞ்சேதான் வெச்சிருந்தேன், ஆடி மாசத்துலருந்து தெரியும். பொய்யி சொல்லித்தான் அட்டை வாங்கினேன். புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டந்தான் இதுக்கும். இப்ப இதைய ஆராச்சும் தொட்டீங்கன்னா கம்பி எண்ணோணும். நாங்களும் எண்ணத்தான் போறோம். வாங்க, எல்லாருமாச் சேந்து எண்ணலாம்!"

சத்யபிரியா அதற்குள் காதில் போனை வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அம்மா, பாரஸ்ட்டு ஆபீசுல எடுத்துட்டாங்க. வாராங்களாம், ஒன்றரை மணி நேரமாம்!"

அந்த ஒன்றரை மணி நேரத்தில் சுற்றுவட்டாரமே அங்கே கூடிவிட்டது. ஓநாய் என்று பேர் மாறியதும் மதிப்பே மாறிப்போனது. தடி வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் தடியைப் போட்டுவிட்டு மறுபடியும் செல்போனை எடுத்தார்கள். பக்கத்துக் கோயில் பொங்கலை அப்படியே விட்டுவிட்டு மேளக்காரர்களே வந்துவிட்டார்கள். ஆட்டையாம்பட்டி முறுக்கு பத்து நிமிஷத்தில் தீர்ந்தது. வேலி ஓரத்து வேப்பமரத்தில் எட்டுப் பேர் ஏறியிருந்தார்கள். செல்லமுத்து மட்டும் தடியை ஊன்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். வசந்தாமணியும் அகப்பையை இறக்கவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் பரபரவென்று இருந்தது. பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஆறு மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது ஒரே வார்த்தையில் வெளியே வந்துவிட்டதில், நோம்பிக்குக் குளித்துப் புதுச்சேலை உடுத்தியதுபோல் லேசாக இருந்தாள்.

"ஏ அம்மிணி, மணியனும் ஓநாய்னு சொல்லியிருந்தா உட்டிருப்பியா?" என்று செல்லமுத்து திடீரென்று கேட்டார்.

அவள் அகப்பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

வண்டி வந்தது. அதன் முதுகில் சிறுத்தை பிடிப்பதற்கென்று செய்த பெரிய இரும்புக் கூண்டு. இறங்கிய வனவர் மாதேஸ்வரன் முப்பது வயசுக்காரர், காக்கிச் சட்டைக்குக் கீழே பொங்கலுக்கு எடுத்த பட்டுக்கரை வேட்டி. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவர். டிரெய்லருக்கு அடியில் குனிந்து பார்த்தவர் அப்படியே கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார்.

"யம்மா! இதைய நான் படத்துலதானுங்க பாத்திருக்கறேன்" என்றார். எழுந்தபோது அவர் முகமும் சின்னப் பிள்ளை முகமாக இருந்தது. பிறகு உத்தியோகம் ஞாபகம் வந்தது. "மயக்க ஊசி போடற டாக்டர் பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டாருங்க. வலை போட்டா பயத்துல காலை ஒடிச்சுக்கும். தானா ஏறுச்சுன்னா நல்லது."

கூண்டைத் தரையில் இறக்கி வைத்து, உள்ளே கோழி இறைச்சி போட்டார்கள். பிட்டு அசையவில்லை. பின்பக்கமிருந்து ஒரு கம்பைக் காட்டினார்கள், இன்னும் உள்ளே சுருண்டது. மேளக்காரர்களில் ஒருவன் உற்சாகத்தில் ஒரு தட்டுத் தட்ட, அடியிலிருந்து ஊளையும் அழுகையுமாக ஒரு சத்தம் வந்தது. வசந்தாமணி அதைக் கேட்டதும் அகப்பையைச் சத்யபிரியா கையில் கொடுத்தாள்.

"எல்லாரும் சித்த நேரம் வாய மூடுங்க" என்றாள்.

டிரெய்லரில் கட்டியிருந்த சங்கிலி முனையை அவிழ்த்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூண்டுக்குள் குனிந்து நுழைந்தாள். ஆகக் கடைசிக்குப் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "பிட்டே" என்றாள். இரண்டு காடு தாண்டிக் கூப்பிடுகிற குரல் இல்லை, மடியில் கிடக்கும்போது கூப்பிடுகிற குரல்.

மூக்கு வெளியே வந்தது. பிறகு தலை. வயிற்றைத் தரையோடு தேய்த்துக்கொண்டு இரண்டு முழம் வந்தது, நின்றது, இத்தனை ஜனத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தது. மரத்தில் இருந்தவர்கள்கூட மூச்சு விடவில்லை. அடுத்த நொடி ஒரே பாய்ச்சல். அவள் முதுகுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. பழக்க தோஷம், வனக் காவலர் ஒருவர் கதவைத் தடாலென்று இறக்கிக் கொக்கி போட்டார். ஓநாயும் வசந்தாமணியும் சேர்ந்தே உள்ளே. விசில் சத்தம் காதைக் கிழித்தது.

"ஏங்க, அம்மாவ வெச்சுப் பூட்டிப்போட்டீங்களே!" என்று மாதேஸ்வரன் கத்தினார். "நீங்க மெல்ல எறங்குங்கம்மா."

"நான் எறங்குனா அதும் எறங்கிரும். தூக்கி வெச்சு வண்டிய எடுங்க சாமி."

"சேலம் வரைக்குமா? ரூல்சு ஒத்துக்காதுங்கம்மா."

"ஓநாய ஊட்டுல வளத்தவளுக்கு ரூல்சு என்னத்துக்குங்க? இன்னைக்கு ஒரு நாளு ஏத்திக்கிட்டுப் போங்க. அங்க கொண்டுபோயி எறக்கற வரைக்கும் நான் கூட வாரேன்."

மாதேஸ்வரன் தலையைச் சொறிந்தார். சத்யபிரியாவைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். எட்டுப் பேர் கூண்டைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். பிறகு அவர் காகிதத்தை எடுத்துக் கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டார். "இதைய ஊருக்குள்ள கொண்டுவந்தது ஆருங்க? எழுதோணும்."

வசந்தாமணி கம்பிக்குள்ளிருந்து வாயைத் திறந்தாள். அதற்குள் வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாந்தானுங்க." செங்கோட்டையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். "செங்கோட்டையன்னு எழுதிக்குங்க. முன்னால உக்காந்துக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் வசந்தாமணிக்கு அவன் மேல் இத்தனை பிரியம் வந்ததில்லை.

கூண்டுக்குள்ளிருந்து பார்த்தால் அவள் வீடே வேறாகத் தெரிந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் முகம் முகமாக, வாய் திறந்து சிரிக்கிற ஜனம். முதுகில் ஒட்டியிருந்த பிட்டுவின் நெஞ்சு அடிப்பது அவள் விலா எலும்பில் கேட்டது. பாசமில்லம்மா, பயம் என்று சத்யா சொன்னது சரிதான். இந்தப் பயத்தோடுதான் அது பத்து மாதமும் தன் வீட்டில் இருந்திருக்கிறது. அது தெரியாமல் தன்னைக் காவலுக்கு ஆள் வைத்திருப்பவளாக நினைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. போகிற சேலத்து மிருகப் பூங்காவில் அதன் இனமாக இன்னும் இரண்டு இருக்கிறது, பெரிய வேலிக்குள் மண்ணும் புதருமாக விட்டிருக்கிறது என்று கூண்டை ஏற்றும்போது மாதேஸ்வரன் சொன்னதை மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டாள். காடு இல்லைதான். டிரெய்லருக்கு அடியும் இல்லை.

வண்டி உறுமியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு கை வந்து கம்பியைப் பிடித்தது. பொன்னாயி.

"பயமா இல்லையா அம்மிணி?" என்றாள். ஒரு வருஷம் கழித்துப் பேசிய முதல் பேச்சு.

"இல்லீங்கக்கா." அதோடு நிறுத்தியிருக்கலாம். வசந்தாமணியால் முடியவில்லை. முகத்தைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "அக்கா, விடியால இதும் கால் நனைஞ்சுதான் வந்துது. ஆருக்கும் தெரியாம நாந்தான் தொடைச்சு உட்டேன்."

"தெரியும்" என்றாள் பொன்னாயி.

"தெரியுமா?"

"நான் பால் கறக்க எந்திரிச்சு வந்தேன். எங்க வரப்பு மேல நின்னுட்டிருந்துது. வாயில ரத்தமில்லை, ஒண்ணுமில்லை. என்னைய ஒரு பார்வை பாத்துப்போட்டு உங்க காட்டுப் பக்கம் போயிருச்சு."

"அண்ணன் அத்தனை பேச்சுப் பேசுனாரே… உங்க வரப்புல பாத்தத ஏனக்கா சொல்லலை?"

பொன்னாயி கம்பி வழியாக ஓநாயைப் பார்த்தாள். அது அவளைப் பார்க்கவில்லை. வசந்தாமணியின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது.

"மணியனைக் கவுறு போட்டு இழுத்துட்டுப் போனப்ப, விடியால அதையப் பாத்தவ வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா என்னன்னு வருசம் பூரா நெனைச்சு நெனைச்சு அழுதேன். இன்னைக்குப் பாத்தவ நானாப் போயிட்டேன், வாய மூடிக்கிட்டேன். அவ்வளவுதான்."

வசந்தாமணிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை ஜனத்துக்கு நடுவில், ஆடு மாடு மாதிரி கம்பிக்குள் உட்கார்ந்துகொண்டு, சத்தம் போட்டே அழுதாள். "நாஞ் சொன்னது தப்புக்கா. மணியன் கடிச்சத நான் பாக்கவே இல்லை. காலைத்தான் பாத்தேன்."

வண்டி நகர்ந்தது. பொன்னாயி கம்பியை விடாமல் கூடவே நடந்தாள். விசிலும் மேளமும் பின்னால் வந்தன, மரத்தில் இருந்தவர்கள் இறங்கி ஓடிவந்தார்கள். மண்பாதை முடிந்து தார்ரோடு வரும் இடத்தில் அவள் கையை எடுத்தாள்.

"பதனமாப் போயிட்டு வா" என்றாள். "உன்ற பொங்கப்பானைய நான் எறக்கி வெக்கறேன்."